உப்பிலிட்ட ஆறு மீன்கள்

காலை பத்து மணிக்கு மேல் ஏகாம்பரம் போன் செய்தார். மரக்காணத்தில் நான் முன்பு வேலை பார்த்த கடலாய்வு நிலையத்தின் காவலாளி அவர். நான் சென்னைக்கு மாற்றலாகி வந்த பிறகு ஒருமுறைகூட அவர் என்னை அழைத்ததில்லை.

“மேடம், பாட்டில் ரூம் சாவி எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க? புது டைரக்டர் தேடிக்கினு இருக்காரு.”

“அஞ்சலாட்சியைக் கேளுங்க. அவங்களுக்குத்தான் தெரியும்.”



“அது தவறிடுச்சே மேடம். காரியம்கூட முடிஞ்சிட்டுது. உங்களுக்கு யாருமே சொல்லலியா?”

யாரும் சொல்லவில்லை. யாரையும் குறை சொல்லவும் முடியாது. நிலையத்தை விட்டு வந்தபின், ஒரே ஒரு முறை தவிர, அவர்களில் எவரையும் நான் விசாரித்தவள் இல்லை. சாவி எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அன்று இரண்டு வகுப்புகள் எடுத்தேன்.

இந்த நினைவுக் கட்டுரையைப் படிப்பவர்களில் சிலர் அஞ்சலாட்சியோடு வேலை பார்த்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிலையத்தின் மேற்குக் கோடியில் ஓர் அறை உண்டு. வங்கக் கடலில் பிடித்த மீன், நண்டு, இறால், பெயர் தெரியாத புழு என்று நூற்றுக்கணக்கான உயிரினங்கள் அங்கே கண்ணாடிச் சாடிகளில் இருக்கும். எங்கள் பேச்சில் அது பாட்டில் ரூம். சாடிகளில் திரவம் குறைந்தால் நிரப்புவதும், லேபிள் மங்கினால் மாற்றி எழுதுவதும் அஞ்சலாட்சியின் வேலை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லாச் சாடிகளையும் ஒன்றொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தமிழில் எட்டாம் வகுப்புவரை படித்தவர். லத்தீன் பெயர்களை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுவார். என் மாணவர்களின் லேபிள்களைவிட அவருடையதில் பிழை குறைவாக இருக்கும்.

அவர் வேலை கடைசிவரை தற்காலிகம். அது ஏன் என்பதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

மரக்காணத்துக்கு வடக்கே, கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். அப்பா கடலுக்குப் போனார். அம்மா கருவாடு போட்டார். மீனைக் கையில் எடுத்ததும் அஞ்சலாட்சி அது இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடுவார். நான் நம்பமாட்டேன். பிடித்த நேரத்தைக் குறிப்பேட்டில் பார்ப்பேன். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறிய இரண்டு தடவைகளையும் நான் ஞாபகம் வைத்திருந்தேன், சரியாகச் சொன்ன தடவைகளை எண்ணவில்லை. இது என்னைப் பற்றிய செய்தி, அவரைப் பற்றியதல்ல.

சாடிகளில் ஊற்றும் ஃபார்மலின் அவருக்குப் பிடிக்காது. “மருந்துல போட்டா அது மீனா இருக்காது மேடம், பொம்மையா ஆயிடும்” என்பார். பொம்மையானால்தான் நூறு ஆண்டு நிற்கும் என்பேன் நான். “நின்னு?” என்று கேட்டுவிட்டுச் சாடியைத் துடைக்கப் போய்விடுவார்.

தென்துருவக் கடலுக்குக் கப்பலில் போய்வந்த நண்பர் ஒருவர், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துப் பதினோரு சிறுமீன்களை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியது என் உள்ளங்கை நீளம்; மற்றவை விரல் நீளம். தலை மட்டும் தட்டையாக, உடம்புக்குப் பொருந்தாத அளவில் பெரியது. செதில் இல்லை. கண்கள் இரண்டும் உச்சியில். மோவாயின் கீழே மெல்லிய தசை ஒன்று தாடிபோலத் தொங்கும். அந்தக் கடலின் அடித்தரையில் அசையாமல் படுத்திருப்பவை அவை. நெருங்கிய இனங்களைப் பிரித்து அறிவதற்கு அந்தத் தாடியின் நுனிதான் முக்கிய அடையாளம். நுனி தடித்ததா, கூரியதா, சுருக்கம் உண்டா என்று பார்த்துத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

பெட்டியைத் திறந்தபோது அஞ்சலாட்சி பக்கத்தில் இருந்தார்.

“இது நம்ம உளுவையாட்டம் இருக்குது மேடம். உளுவைக்கு யாரு தாடி வெச்சது?”

உளுவை எங்கள் கழிமுகத்துச் சேற்றில் கிடக்கும் சிறிய மீன். இரண்டுக்கும் நேரடி உறவில்லை என்று விளக்கினேன்.

“உறவில்லன்னா என்ன, அதும் அடியில கெடக்குது, இதும் அடியில கெடக்குது. இது கண்ணு ரெண்டும் ஏன் மேல பாக்குது?”

“மேலே என்ன போகுதுன்னு பார்க்கிறதுக்கு.”

“எங்கள மாதிரின்னு சொல்லுங்க” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை.

பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் அது எப்படி உறையாமல் இருக்கிறது என்று கேட்டார். இரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது, பனித்துகள் வளரவிடாமல் அது தடுக்கும் என்றேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அதோட உப்பும் இருக்கும்ல. கடல்ல பொறந்ததுக்கு உப்பு பகையா” என்றார். அன்று அதை நான் பொருட்படுத்தவில்லை.

பதினொன்றில் ஐந்தை அன்றே ஃபார்மலினில் போட்டேன். அவற்றில் உருவம் நிற்கும். ஆறை உறைபெட்டியில் வைத்தேன், பிற்பாடு டி.என்.ஏ. பார்க்கலாம் என்று. ஃபார்மலினில் போட்ட மீனில் டி.என்.ஏ. சிதைந்துபோகும். இரண்டும் இருந்தால்தான் அந்த மீன் ஏற்கெனவே அறியப்பட்ட இனமா, வேறா என்று உறுதியாகச் சொல்ல முடியும். அந்த ஆறு மீன்களையும் நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். உறைபெட்டியை அனாவசியமாகத் திறக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு நானே திறப்பேன். “அது எங்க ஓடிடப்போவுது மேடம்” என்பார் அஞ்சலாட்சி.

அவ்வாண்டு மழைக்காலத்தில் நான் ஒரு தேர்வுப் பணிக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தேன். புயல் திசை மாறி எங்கள் கடற்கரையில் ஏறியது. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க மரம். பஸ் இல்லை, மின்சாரம் இல்லை, போன் இல்லை. எட்டு நாள் கழித்துத்தான் நான் நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். கீழ்புத்துப்பட்டிலிருந்து மரம் வெட்டுகிறவர்களின் வண்டியில் வந்தேன். வழியெல்லாம் என் மனதில் இருந்தது உறைபெட்டி மட்டும்தான். ஊரைப் பற்றி நினைத்தேன் என்று சொன்னால் பொய்.

உறைபெட்டி காலியாக இருந்தது. துடைத்துக் காயவைத்து, கதவு மூடாமல் இருக்க நடுவே துணி சொருகியிருந்தது.

அஞ்சலாட்சி ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். வாளி நிறைய உப்பு. கல் உப்பு, மரக்காணத்துச் சாம்பல் நிற உப்பு. கையைவிட்டுக் கிளறி ஒரு மீனை வெளியே எடுத்தார். சுருங்கி, விறைத்து, மஞ்சளாகியிருந்தது. மோவாயின் கீழே ஒரு தென்னை ஈர்க்குத் துண்டு நூலால் கட்டப்பட்டிருந்தது.

“என்ன செஞ்சிருக்கீங்க?”

“ரெண்டாம் நாளே ஐஸ் உருக ஆரம்பிச்சிட்டுது மேடம். மூணாம் நாளு வாடை வந்துட்டுது. மருந்து அலமாரி பூட்டியிருந்துச்சு.”

“அதுக்காகக் கருவாடு போட்டுடறதா?”

“கருவாடுன்னா வயித்தக் கீறி எல்லாத்தையும் எடுத்துடுவோம். இத நான் கீறல. உள்ள என்ன தின்னுருக்குதுன்னு நீங்க பாப்பீங்கன்னு அப்படியே போட்டேன். தாடி மடங்கிடக் கூடாதுன்னு ஈர்க்கு வெச்சுக் கட்டுனேன்.”

அந்தத் தாடி காய்ந்து, நுனி திரிபோல ஆகியிருந்தது. அதன் வடிவத்தைக் கொண்டு இனி எதையும் சொல்ல முடியாது. நான் அவரைத் திட்டவில்லை. திட்டுகிற பழக்கம் எனக்கில்லை. “இதுக்குப் பேரு அறிவியல் இல்ல, அஞ்சலாட்சி” என்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உப்பு எங்கிருந்து கிடைத்தது என்று அன்று நான் கேட்கவில்லை. அவரே ஒரு மாதம் கழித்து, டீ குடிக்கும்போது ஏகாம்பரத்திடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். மழைக்கு முன்பு வாரிக் குவித்த உப்பை உப்பளத்தில் பனையோலை போட்டு மூடியிருப்பார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் அங்கே நடந்து போயிருக்கிறார். குவியலைக் காத்துக்கொண்டிருந்த மேஸ்திரி அவருக்குத் தெரிந்தவர்.

“ஊரே முழுவிப் போய்க் கெடக்குது, நீ உப்பு கேட்டு வர்றியே, ஆருக்கு?ன்னாரு. மீனுக்குன்னேன். இந்தப் புயல்ல ஆருடி மீன் புடிச்சதுன்னாரு. இது பனிக்கட்டி ஊரு மீனு மாமான்னேன். அங்கயும் கருவாடு திங்கிறானுவளான்னு கேட்டாரு.”

ஏகாம்பரம் புரையேறச் சிரித்தார். அதன் பிறகு நிலையத்தில் அந்த வாளிக்குத் ‘துருவக் கருவாடு’ என்று பெயர். நானும் ஒரு கூட்டத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலாட்சி அப்போது டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தார்.

அதற்குள் மெமோ போயிருந்தது. எழுதியவள் நான். அரிய மாதிரிகளை உரிய அனுமதியின்றிச் சாதாரண உப்பில் இட்டு, அவற்றில் அந்நியப் பொருள்களைக் கட்டிச் சேதப்படுத்தினார் என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி. எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஃபார்மலின் இருந்த மருந்து அலமாரியின் சாவி என் கைப்பையில் கோயம்புத்தூரில் இருந்தது. யாரையும் நம்பி அதை விட்டுப்போகும் வழக்கம் எனக்கில்லை. “ஒடைக்கலாமான்னு ஏகாம்பரத்தைக் கேட்டேன் மேடம். கவர்மெண்ட் பூட்ட ஒடைச்சா உள்ள தள்ளிடுவாங்கன்னுட்டாரு” என்று அஞ்சலாட்சி என்னிடம் சொல்லியிருந்தார். மெமோவில் அதற்கு இடமிருந்தது. நான் எழுதவில்லை.

அதைப் பெற்றுக்கொண்டதற்குத் தமிழில் கையெழுத்துப் போட்டார். பிறகு, “இதுல மீன் பேரு எங்க மேடம் இருக்குது?” என்று கேட்டார். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டார். விசித்திரமான கேள்வி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு மூன்று பேரை நிரந்தரமாக்க உத்தரவு வந்தது. மூன்றாவது பெயர் அஞ்சலாட்சி. அப்போதைய இயக்குநர் என்னை அழைத்து, “மெமோ நிலுவையில இருக்கே, என்ன பண்ணலாம்? நீங்க வாபஸ் வாங்கறீங்களா?” என்று கேட்டார். “விதி எப்படியோ அப்படிச் செய்யுங்க” என்றேன். நேர்மையாகத்தான் சொன்னேன் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். நான்காவதாக இருந்தவரின் பெயர் மேலே வந்தது.

அஞ்சலாட்சி அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. மறுநாளும் ஒன்பது மணிக்கு வந்தார். ஒரு மாற்றம் மட்டும் இருந்தது. பாட்டில் ரூம் சாவியை அதுவரை முந்தானையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போவார். அதன் பிறகு நிலையத்திலேயே எங்கோ வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். “சாவின்னா எட்டுற எடத்துல இருக்கணும்” என்று ஒருநாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழவேண்டுமென்று சொன்னதாகத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் தவறில்லை.

அந்த ஆறு மீன்களையும் தூக்கிப் போடச் சொல்லியிருந்தேன். அவர் போடவில்லை. வாளியிலிருந்து அகன்ற வாய் உள்ள சாடிக்கு மாற்றி, புது உப்பு போட்டு, கீழ்த்தட்டில் சுவரோரமாக வைத்திருந்தார். லேபிள் பென்சிலில், அவர் கையெழுத்தில். மழைக்காலத்தில் உப்பு கசிந்தால் மாற்றுவார். ஆண்டுக்கு ஒருமுறை நடந்த அந்த வேலை எனக்குத் தெரியாது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு சென்னையிலிருந்து நித்யா என்ற இளம் ஆய்வாளர் வந்தார். பழைய மாதிரிகளிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதில் திறமையானவர். ஃபார்மலினில் இருந்த ஐந்து மீன்களிலும் முயன்றார். ஒன்றும் வரவில்லை. “வேற எதுவும் இல்லையா மேடம்?” என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.

“கருவாடு இருக்குது. வேணுமா?” என்றார் அஞ்சலாட்சி, வாசலில் நின்றபடி.

நித்யா என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். உப்பு தசையின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஈரம் இல்லாத இடத்தில் சிதைவு மிக மெதுவாகத்தான் நடக்கும். எந்த முதலாமாண்டு மாணவியும் சொல்லக்கூடிய விஷயம். எனக்கும் தெரிந்த விஷயம்தான். அந்த வாளியைப் பார்த்தபோது மட்டும் தெரியவில்லை.

ஆறில் நான்கு மீன்களிலிருந்து மட்டும் நித்யா தசை எடுத்தார்; நான்கிலும் டி.என்.ஏ. முழுமையாகக் கிடைத்தது. உருவத்துக்கு ஃபார்மலின் மீன்கள், மரபுக்கு உப்பு மீன்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது அது நாங்கள் நினைத்த இனம் அல்ல, அதற்கு நெருங்கிய வேறொன்று என்று நிரூபிக்க முடிந்தது. ஆய்வுக் கட்டுரை வெளியானது. எனக்குப் பதவி உயர்வும் சென்னை மாற்றலும் அதை ஒட்டித்தான் வந்தன. செய்முறைப் பகுதியில், ஆறு மாதிரிகள் உப்பில் பாதுகாக்கப்பட்டன என்று ஒரு வரி எழுதினேன். யார் பாதுகாத்தது, எப்போது, ஏன் என்று எழுதவில்லை. எங்கள் துறையில் அப்படி எழுதுவதே வழக்கம். வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது.

அச்சான பிரதியை அஞ்சலாட்சிக்குக் காட்டினேன். படங்களைப் புரட்டிப் பார்த்தார்.

“இதுல என் பேரு இருக்குதா மேடம்?”

“கடைசியில நிலைய ஊழியர்களுக்கு நன்றின்னு போட்டிருக்கோம்.”

“ஊழியருன்னா ஏகாம்பரமும் சேர்த்தியா?”

“ஆமாம்.”

“பூட்ட ஒடைக்க வேணாம்னாரே, அதுக்கா?” என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இருந்தது என்றே நினைக்கிறேன். அவர் சாதுவான மனுஷி என்று இரங்கல் கூட்டத்தில் யாரோ பேசினார்களாம். அது சரியல்ல. அவருக்குக் கூர்மை உண்டு. அதை யாரிடம் எந்த அளவு காட்டலாம் என்ற கணிப்பும் உண்டு.

அவருக்குச் சிறுநீரகம் பழுதான செய்தி நான் சென்னையில் இருக்கும்போது வந்தது. வாரம் இரண்டு முறை பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வந்தார். ஒரு விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனேன். முகம் ஊதி, கை மெலிந்திருந்தது. இடது கையில் ஊசி ஏற்றும் இடத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

“உப்பே சேக்கக் கூடாதுன்னுட்டாங்க மேடம். மரக்காணத்துல பொறந்துட்டு நான் சப்புன்னு தின்னுக்கினு கெடக்கிறேன். இவரு பக்கத்துல ஒக்காந்து கருவாட்டுக் கொழம்பு திங்கிறாரு.”

“நீதான ஆக்கிப் போடற” என்றார் அவர் கணவர் பெருமாள்.

“வாசனையாச்சும் புடிக்கலாம்னுதான் ஆக்குறேன்.”

மெமோவைப் பற்றிப் பேசத்தான் போயிருந்தேன். அதைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதி, பையில் எடுத்துப்போயிருந்தேன். வேலை நிரந்தரமாக இருந்திருந்தால் மருத்துவ அட்டை கிடைத்திருக்கும். பெரிய மருத்துவமனையில் பார்த்திருக்கலாம். அட்டை இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரமில்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரமில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் புதுச் சாடிகளின் மூடி சரியில்லை என்பதைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடிதத்தை எடுக்கவில்லை. முதலில் இயக்குநருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சென்னைக்குத் திரும்பியதும் ஒரு வாக்கியத்தைத் திருத்த வேண்டும் என்று தோன்றியது. திருத்திய பிறகு இன்னொன்று. அந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை.

ஏகாம்பரத்தின் போன் வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்துக்கு பஸ் ஏறினேன். உப்பு வாருகிற காலம். பாத்திகளில் பெண்கள் வரிசையாகக் கூடை சுமந்து போனார்கள். வெயிலில் அந்த வெள்ளையைப் பார்க்க முடியாமல் பஸ்ஸில் பலர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

பெருமாள் கடலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. மகள் கோமதி இருந்தாள். பி.காம். முடித்துவிட்டு பாண்டிச்சேரியில் வேலைக்குப் போகிறவள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். உப்புப் போடாத மோர். அந்த வீட்டுக் கை இன்னும் பழக்கத்தை விடவில்லை.

சாவியைப் பற்றிக் கேட்டேன்.

“மீட்டர் பாக்ஸ் மேல இருக்கும் மேடம். ஆரு வேணா கைய நீட்டி எடுக்கிற மாதிரிதான் அம்மா வெக்கும். புதுசா வந்தவங்க பூட்டுன எடத்துலயே தேடியிருப்பாங்க.”

புயலைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. “அந்தப் புயல்லதான் எங்க கூரை போச்சு. நாங்க ஸ்கூல்ல ஒக்காந்திருந்தோம். அம்மா மட்டும் ஆபீஸ் மீனு கெட்டுடும்னு போச்சு. அப்பா கத்துனாரு. ரெண்டு நாளு பேசவேயில்ல.”

இதை அஞ்சலாட்சி என்னிடம் சொன்னதில்லை. மெமோவுக்கு விளக்கம் கேட்டபோதும் சொல்லவில்லை.

கோமதி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தாள். ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரி நோட்டு, அவள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவற்றுக்கு நடுவே லேமினேட் செய்த ஒரு தாள். நான் தூரத்திலிருந்தே அந்த மெமோவை அடையாளம் கண்டுகொண்டேன். என் கையெழுத்து வலது ஓரமாகச் சாய்ந்திருக்கும்.

“இது என்னன்னு...” என்று தொடங்கினேன்.

“நான் படிச்சிருக்கேன் மேடம்” என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். “காலேஜ் சேந்தப்போ அம்மாவுக்கும் படிச்சுக் காட்டுனேன். கோவத்துலதான் படிச்சேன். தெரியும்டி, நீ நடுவுல இருக்கிறத மட்டும் படின்னுச்சு. என் பேரும் அந்த மீன் பேரும் ஒண்ணா இருக்கிற பேப்பரு இது ஒண்ணுதான்னுச்சு. மறுநாளே எடுத்துட்டுப் போயி லேமினேட் பண்ணிட்டு வந்துட்டுது.”

அந்தத் தாளை எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. இல்லாமல் செய்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

“அது அம்மாவுது மேடம்” என்று சொல்லி அவள் உறைக்குள் வைத்தாள்.

அங்கிருந்து நிலையத்துக்குப் போனேன். மீட்டர் பெட்டியின் மேலே கையை நீட்டினேன். சாவி இருந்தது. ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டார். அறையைத் திறந்து கீழ்த்தட்டில் குனிந்து பார்த்தேன். மரபுச் சோதனைக்குத் தசை எடுத்ததில் நான்கு மீன்கள் குறையாகிவிட்டன. இரண்டு முழுசாக இருக்கின்றன. ஈர்க்கு இன்னும் மோவாயோடு கட்டியபடி இருக்கிறது. உப்பு கசிந்து அடியில் ஈரமாகியிருந்தது. கடைகளெல்லாம் திறந்துதான் இருந்தன. நான் உப்பளத்துக்கு நடந்துபோய்க் கேட்டு ஒரு பை உப்பு வாங்கிவந்து மாற்றினேன். எனக்கு அந்த வேலை சரியாக வரவில்லை. மீனுக்கு அடியில் உப்பை எந்த அளவு பரப்ப வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். சாவியை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அவருடையது என்று என்னிடம் எந்தப் பொருளும் இல்லை. அந்த மெமோவின் அலுவலகப் படி ஒன்று என் கோப்பில் இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன். அவர் அதில் இரண்டு பெயர்களைப் படித்தார். நான் மற்ற எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வுக் கட்டுரை வந்த இதழுக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறேன். இம்முறை எந்த வாக்கியத்தையும் இரண்டாவது தடவை திருத்தவில்லை. அவர்கள் வெளியிடுவார்களா என்று தெரியாது. வெளியிடும்வரை இங்கே இருக்கட்டும் என்று அதைத் தமிழில் எழுதி வைக்கிறேன்:

தென்துருவக் கடலின் அடித்தரையில் வாழும் அந்தச் சிறுமீன்களில் ஆறை, புயலின் மூன்றாம் நாள், அலமாரியின் சாவி என்னிடம் இருந்ததால், மரக்காணத்து உப்பில் இட்டுக் காப்பாற்றியவர் அஞ்சலாட்சி. தாடி மடங்காமல் ஈர்க்கு வைத்துக் கட்டியவரும் அவரே.